பெரிய அத்தை படுத்திருந்த அறை

பிப்ரவரி 3

நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். இன்று காலை போர்வையையும் இரண்டு பாவாடைகளையும் சோப்புத்தூளில் ஊற வைத்தேன். அத்தை வந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டார்.

“ஏளா கனி, தண்ணியில கை வைக்காத. உள்ள போய்ப் படு.”

அவரே துவைத்தார். கறை முழுவதும் போகவில்லை. பக்கத்து வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று குளியலறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டார்.

கரு கலைவது இது மூன்றாவது. முதல் இரண்டு தடவையும் அழுததில் தலைவலிதான் மிச்சம். இந்தத் தடவை அழவில்லை. மதியம் ரசமும் சுட்ட அப்பளமும். நன்றாகவே சாப்பிட்டேன்.

இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். இன்று மாலை ஷிப்ட். கிளம்பும்போது வாசற்படியில் நின்று ஏதோ சொல்ல வந்தார். கடைசியில், “ஹெல்மெட் எங்க இருக்கு?” என்றார். அது அவர் கையிலேயே இருந்தது.

பிப்ரவரி 11

அலுவலகம் போனேன். சுங்க வேலை பார்க்கிற எங்கள் கிளியரிங் ஏஜென்சியில் ஒரு கப்பல் வந்துவிட்டால் யாரும் யாரையும் விசாரிக்க நேரமிருக்காது. அது நல்லதுதான். டைபாய்டு என்று சொல்லியிருந்தேன். பக்கத்து நாற்காலி ஜெசிந்தா என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். இளநீர் வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 17

ஞாயிற்றுக்கிழமை. அழகேசன் சித்தப்பா வந்தார். மாமா காலமான பிறகு இந்த வீட்டின் நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பார். ஊளி மீன் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவியபின் சொன்னார்:

“பேரு என்னமோ சுயம்புக்கனி. மரத்துல ஒண்ணும் நிக்க மாட்டங்குதே.”

அவர் மட்டும்தான் சிரித்தார்.

“மருமவளக் குத்தம் சொல்லல. இந்த வீட்டுக்குள்ள ஒருத்தி கெடக்கால்லா, அவ விடமாட்டா” என்று பின்கட்டு அறைப் பக்கம் முகவாயைத் திருப்பினார்.

இவர் எழுந்து மோட்டார் போடப் போனார். தொட்டி ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அடுப்படியில் அத்தை எதையோ கீழே போட்டார்.

அந்த ஒருத்தி தங்கபுஷ்பம். மாமாவின் முதல் மனைவி. பிள்ளை தங்காமல், அரளி விதையை அரைத்துக் குடித்து இறந்தவர். நான் சாத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இந்த அளவுக்குத்தான் காதில் விழுந்தது. போட்டோ எதுவும் இல்லை. பின்கட்டு அறை நிலைக்கட்டையின் மேல் கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்பு ஆணி இருக்கிறது. அவர் வெளியே வந்துவிடாமலிருக்க மந்திரவாதி அடித்தது. நாங்கள் அந்த அறையில் தேங்காயும் பழைய சாக்குகளும் போட்டு வைத்திருக்கிறோம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

மார்ச் 2

வழக்கமான வலி.

எட்டாம் வகுப்பிலிருந்து இருப்பதுதான். பிரேயரில் நின்றுகொண்டிருக்கும்போது விழுந்திருக்கிறேன். அம்மா வெந்தயம் கொடுப்பார். “எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான், நீதான் ஆர்ப்பாட்டம் பண்ற” என்பார். அதன்பின் ஆர்ப்பாட்டம் பண்ணுவதை விட்டுவிட்டேன்.

அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். இந்த வீட்டில் பின்கட்டு அறையின் சிமெண்ட் தரை மட்டும்தான் எந்நேரமும் குளிர்ந்திருக்கும். கதவைத் திறந்து, சாக்கைத் தள்ளிவிட்டு, வயிறு தரையில் படும்படி குப்புறப் படுத்தேன். அப்புறம் ஒருக்களித்து முழங்காலை நெஞ்சோடு சேர்த்தேன். தலை சுவரில் முட்டியது. முட்டிய இடத்தில் சுண்ணாம்பின் மேல் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. பழைய கறை. உட்கார்ந்து சாய்கிறவர்களின் தலை அத்தனை கீழே படாது. தரையில் சுருண்டு கிடப்பவரின் தலை, அதுவும் பல நாள் ஒரே இடத்தில் பட்டால்தான் அப்படி ஆகும். என் தலை அதற்குச் சரியாகப் பொருந்தியது.

கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குப் பின்னால், வலிக்கிற இடத்திலேயே ஒரு கை அழுத்தியது. அத்தை வந்துவிட்டார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். இதமாக இருந்தது. தூங்கியும் விட்டேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு விழித்தேன். அத்தை அப்போதுதான் அரிசிப் பையோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

எழுந்து கதவைச் சாத்தினேன். உடம்பில் சூடு இருந்தது. காய்ச்சலாக இருக்கும்.

மார்ச் 4

லீவு. மாத்திரை தீர்ந்துவிட்டது. எங்கள் தெரு மெடிக்கல்காரர் கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கிறார். ஜெசிந்தாவிடம் சொல்லி வேறு கடையில் வாங்கி வரச் சொன்னேன்.

மார்ச் 23

அத்தை இப்போதெல்லாம் போன் வந்தால் கொல்லைப்புறம் போய்த்தான் பேசுகிறார். இன்று துணி எடுக்கப் போனபோது, “போட்டோ எல்லாம் அனுப்பாதீங்க கொழுந்தனாரே. அவனுக்குத் தெரியவே வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டார்.

முள்ளக்காட்டு நிலத்தை விற்கிற விஷயமாக இருக்கும்.

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். அந்த அறையில் யாரோ முனகுவது போலிருந்தது. போய்ப் பார்த்தேன். தேங்காய், சாக்கு. அடுப்படிக்குத் திரும்பும்போதுதான், வயிற்றைப் பிடித்தபடி நானே அப்படி முனகிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆனால் நான் வாயை மூடிய பிறகும் சற்று நேரம் கேட்டது.

ஏப்ரல் 2

அலுவலகக் கழிவறையில் விழுந்துவிட்டேன். ஜெசிந்தாதான் கதவைத் தள்ளித் திறந்து, ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனாள். ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பையில் கட்டி. பழைய ரத்தம் தேங்கிய கட்டியாம். திருநெல்வேலியில் டாக்டர் ஹெப்சிபாவைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள்.

இவர் ஷிப்டிலிருந்து அப்படியே ஓடி வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். கட்டிலில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

ஏப்ரல் 9

டாக்டர் ஹெப்சிபாவுக்கு என் வயதுதான் இருக்கும். பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

“மாசாமாசம் வலி எப்படி இருக்கும்?”

“பொறுத்துக்குவேன் டாக்டர்.”

“பொறுத்துக்குவீங்களான்னு கேக்கல. எப்படி இருக்கும்னு கேட்டேன்.”

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கருவைப் பற்றிக் கேட்பார்கள், கல்யாணமாகி எத்தனை வருஷம் என்பார்கள். உள்ளே கொக்கி போட்டு யாரோ கீழே இழுக்கிற மாதிரி இருக்கும் என்றேன். மலம் கழிக்கும்போது வலிக்குமா என்றார். வலிக்கும். கணவரோடு சேரும்போது? நான் மேசையைப் பார்த்தேன். “வலிக்கும்” என்றேன். பக்கத்தில் இவர் மூச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் சொன்னார். கர்ப்பப்பையின் உள்பக்கம் இருப்பது போன்ற சவ்வு வெளியேயும் வளருமாம். சினைப்பையில், குடலில், எங்கு வேண்டுமானாலும். மாதவிலக்கின்போது அதுவும் வீங்கிக் கசியும். போவதற்கு வழி இல்லாமல் புண்ணாகி, உள்ளே இருப்பதை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். லேப்ராஸ்கோப்பி செய்து, அதாவது வயிற்றில் சின்னத் துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு என்று தெரியும்.

“அப்போ மூணு பிள்ளையும் இதனாலதான் போச்சா?” என்று இவர் கேட்டார். பிள்ளை என்கிற சொல்லை இவர் வாயால் கேட்டு வெகுநாளாகிறது.

“இது இருக்கவங்களுக்குக் கரு கலையறது கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. ஆனா இதனாலதான்னு அடிச்சுச் சொன்னா அது பொய். வேற காரணமும் இருக்கலாம். ரெண்டு பேருக்கும் ரத்தம் பாப்போம். ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்லுதேன். இவங்க செஞ்ச எதனாலயும் இது வரல.”

அத்தை சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிளம்புகிற நேரத்தில்தான் கேட்டார்: “டாக்டரம்மா, இது இருந்தா தரையில கெடந்து உருளுவாங்களோ?”

“சிலருக்கு அப்படித்தாம்மா வலிக்கும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இருந்தாங்களா?”

அத்தை இல்லையென்று தலையாட்டினார். பஸ்ஸில் வல்லநாடு தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. பாயசம் வைத்தேன். மதியம் இவர் வேலைக்குப் போன பிறகு அத்தை என்னைப் பின்கட்டு அறைக்குக் கூப்பிட்டார். அவராக அந்தக் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. அந்த எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீ இங்க வந்து படுக்கது எனக்குத் தெரியும். இது எங்க அக்கா படுத்த இடம்.”

“யாரு அத்தை?”

“புஷ்பம். எங் கூடப்பொறந்தவ.”

யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. செத்த பிறகு வந்த இரண்டாம் தாரம் என்றுதான் அத்தையை நினைத்திருந்தேன்.

“உயிரோட இருக்கும்போதேதான் என்னையும் உங்க மாமாவுக்குக் கட்டி வச்சாவ. வெளியாள்னா சண்ட வரும், தங்கச்சின்னா வராதுன்னு. எங்க அக்காதான் எனக்குத் தல சீவி பூ வச்சா. அழல. ‘இந்த வயித்துவலி மட்டும் உனக்கு வந்துரக்கூடாதுட்டி’ன்னு சொன்னா. எனக்கு அப்ப ஒண்ணும் வெளங்கல.”

மாதம் தவறாமல் இந்தத் தரையில்தான் கிடப்பாராம். எத்தனை கரு கலைந்தது என்று அவருக்கே கணக்கில்லை. நடிக்கிறாள் என்றார்கள். அப்புறம் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்கள்.

“உம் புருசன் துரை பொறந்ததும் பிள்ளையத் தொடக்கூடாதுன்னு எங்க மாமியா சொல்லிட்டாவ. மலடி கண்ணு படுமாம். மத்தியானம் எல்லாரும் அசந்த நேரத்துல நான் பிள்ளையக் கொண்டாந்து அவ பக்கத்துல போட்டுட்டுப் போயிருவேன். அப்படியே வயித்தோட சேத்து அணைச்சுக்குவா. ‘வெந்நிப் பை கணக்கா இதமா இருக்குட்டி’ம்பா. அவனும் அழ மாட்டான்.”

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“ஒருநா பாத்துட்டாவ. அன்னைக்கே என்னையும் பிள்ளையயும் எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாவ. நான் திரும்பி வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. நிலையில ஆணி அடிச்சிருந்தாவ. எங்க அக்கா பிள்ளைய எடுக்கவ இல்லளா. எனக்குத் தெரியும். ஆனா வருசக்கணக்கா எல்லாரும் சொல்லச் சொல்ல, எனக்கே பயமாப் போச்சு.”

பிறகு கேட்டார்: “அவளுக்கும் இந்தச் சீக்குதான் இருந்துருக்குமோ?”

“தெரியாது அத்தை. இருந்திருக்கலாம்.”

“பேரு என்ன சொன்னாவ? இன்னொருக்கா சொல்லு.”

சொன்னேன். அவர் வாய்க்கு அது வரவில்லை. ஆனாலும் சுவரைப் பார்த்து இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார், யாருக்கோ தகவல் சொல்கிற மாதிரி.

மே 5

சித்தப்பா வந்தார். ஆபரேஷன் வேண்டாம், வயிற்றைக் கிழித்த பிறகு அவ்வளவுதான் என்றார். நான் அடுப்படியில் இருந்தேன். குரலைத் தாழ்த்திப் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

“மதினி, சொல்லதக் கேளுங்க. குரும்பூர்ப் பொண்ணு வீட்டுக்காரங்க ரெண்டு மாசமாக் காத்துக் கெடக்காவ. இவகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டா—”

“ஒரு வீட்டுக்கு ஒரு புஷ்பம் போதும்” என்றார் அத்தை. அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. “இனிமே இந்தப் பேச்சோட நீங்க இந்த வாசல்ல ஏறாதீங்க.”

சித்தப்பா காபியைக் குடிக்காமல் போனார்.

நிலம் விற்கிற பேச்சு அல்ல என்பது எனக்கு மார்ச் மாதமே தெரியும்.

மே 19

ஆபரேஷன் முடிந்து நாலு நாள் ஆகிறது. வயிற்றில் சின்னச் சின்னதாகத் தையல். கட்டியை எடுத்துவிட்டார்கள். கர்ப்பப்பையும் குடலும் ஒட்டிக்கிடந்ததைப் பிரித்திருக்கிறார்கள். “இதோட எப்படி வேலைக்குப் போனீங்க?” என்று டாக்டர் கேட்டார். அப்போதுதான் அழுதேன். ஆர்ப்பாட்டமாகவே அழுதேன். ரத்தப் பரிசோதனைகளில் இருவருக்கும் குறை எதுவும் தெரியவில்லை. குறை இருந்திருந்தால் மருந்தாவது இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை இவரிடம், “துரை, அந்த ஆணியப் புடுங்கு” என்றார். ஏன் என்று இவர் கேட்கவில்லை. எல்லாம் சொல்லியிருப்பார் போல. துருவேறி மரத்தோடு ஒட்டியிருந்தது. கட்டிங் பிளேயர் வைத்து ஆட்டி ஆட்டி இழுத்தார். நிலைக்கட்டையில் ஒரு துண்டும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.

அத்தை காலி அறைக்குள் பார்த்து, “அக்கா, இருந்தா இரி. போனாப் போ. உன் இஷ்டம்” என்றார்.

ஜூலை 11

வலி இருந்தது. ஆனால் நின்றுகொண்டே தோசை சுட முடிந்தது. பழக்கத்தில் அந்த அறைக்குப் போய்ப் படுத்தேன். இடுப்பில் எந்தக் கையும் படவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. ரொம்ப நேரம் காத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 28

இரண்டு கோடு.

அக்டோபர் 5

இவரிடம் சொன்னேன். “சரி” என்றார். சாப்பிட்ட தட்டைக் கழுவினார். கழுவியதையே மறுபடியும் கழுவினார்.

அக்டோபர் 19

ஸ்கேன். துடிப்பு இருக்கிறது. திரை ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒன்று மினுங்கியது. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அத்தை பின்கட்டு அறை வாசலிலேயே பாயைப் போட்டுப் படுக்கிறார். எதை உள்ளே விடாமல் காக்கிறார், எதை வெளியே விடாமல் காக்கிறார் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 27

தீபாவளி. முறுக்கு சுடவில்லை. எண்ணெய் வாடை ஆகவில்லை எனக்கு. அத்தைக்கு அதில் ஒரே சந்தோஷம்.

நவம்பர் 8

துடிப்பு இல்லை.

நவம்பர் 14

டாக்டரிடம் போனோம். “எல்லாத்தையும்தான் எடுத்தோமே, பின்ன ஏன்?” என்று கேட்டேன்.

“தெரியல சுயம்பு. ஆபரேஷன் வலியக் குறைக்கும். கரு தங்குறதுக்கு அது எவ்வளவு உதவும்னு இன்னும் யாருக்குமே சரியாத் தெரியாது. உங்ககிட்ட முன்னாடியே சொன்னேன். ஆனாலும் நானும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

மறுபடி முயற்சி செய்யலாம் என்றார். வேண்டாமென்று முடிவெடுத்தாலும் அதுவும் சரியான முடிவுதான் என்றார். வலிக்கு மட்டும் மருந்தை விடக்கூடாது.

வீட்டுக்கு வந்தபோது சித்தப்பாவின் செருப்பு வாசலில் கிடந்தது. அத்தை அதை எடுத்துத் தெருவில் வைத்தார். சித்தப்பா எழுந்து வந்து அதைப் போட்டுக்கொண்டு போனார்.

நவம்பர் 24

ஞாயிற்றுக்கிழமை. மழை. கொல்லையில் தண்ணீர் நிற்கிறது. காலையில் இவரிடம், “எனக்குப் போதும்ங்க” என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு நாளாக உள்ளே கிடந்தது என்று தெரிந்தது. இவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

“எனக்கும்” என்றார். “உன்ன ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டுப் போறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல கனி. நான் சொன்னா உன்ன வேண்டாம்னு சொல்லுத மாதிரி ஆயிருமேன்னுதான் வாயத் தொறக்கல.”

மதியம் பின்கட்டு அறையில் படுத்திருந்தேன். வலி இல்லை. சும்மா படுத்திருந்தேன். இவர் வந்து பக்கத்தில் வெறும் தரையில் படுத்தார். இந்த அறைக்குள் இவர் படுத்து நான் பார்த்ததில்லை. மேலே ஓட்டில் மழை.

“முத்தரசி” என்றார்.

“யாரு?”

“முதல்ல வந்தது. எனக்கு அது பொண்ணுன்னு தோணிச்சு. மேல கிரேன் கேபின்ல யாரும் இருக்க மாட்டாங்கல்லா. பேரச் சத்தமாச் சொல்லிப் பாப்பேன். கூப்புடறதுக்கு எப்படி இருக்குன்னு.”

என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

“ரெண்டாவது கதிரவேல். மூணாவது இளவேனில். போன பெறவும் ஷிப்ட் ஏறினதும் ஒரு தடவ மூணு பேரையும் கூப்புடுவேன். நிறுத்த முடியல.”

ஆறு வருஷமாக இவர் சோற்றுப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு பேசாமல் ஏணியில் ஏறிப் போனது இதற்குத்தானா என்று நினைத்தேன். நான் வீட்டில் கறை துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் கடலுக்கு மேலே தனியாக உட்கார்ந்து பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க” என்றேன்.

சொன்னார். கதவோரம் அத்தை வந்து நிற்பது தெரிந்தது. உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

“நாலாவதுக்கு?”

“வைக்கல. பயந்துட்டு வைக்கல.”

மழை கொஞ்சம் வலுத்தது. நான் யோசித்து ஒரு பெயர் சொன்னேன். இவர் அதைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

அதை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை.